ஆடாதோடையும் ஆட்சியாளரும்

வேலியிலே ஓர் ஆடாதோடை நின்றால் அது வாசலிலே ஒரு வைத்தியர் நிற்பதற்குச் சமம் என்று, எங்கள் பாடசாலை மண்டபத்திலே நின்று ஓர் அதிகாரி முழங்கினார். 2022ஆம் ஆண்டு, ஆனி மாதம். அரசாங்க ஊழியர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் நின்று பயிர் செய்யலாம் என்று மந்திரிசபை விடுமுறை வழங்கியிருந்த காலம் அது. பெற்றோரும் பிள்ளைகளும் நிலத்திலே குந்தியிருந்து கேட்டனர். ஒவ்வொரு பாடசாலையும் மூலிகைத் தோட்டம் ஒன்றை அமைத்து, படம் பிடித்து, மாத முடிவுக்குள் அனுப்பி வைக்கவேண்டும் என்பது சுற்றறிக்கையின் கட்டளை. தற்சார்பு, தன்னிறைவு, முன்னோர் வழி என்னும் சொற்கள் அன்று அந்த மண்டபத்திலே தாராளமாகப் புழங்கின. நாட்டிலே தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே பொருள் அன்று அதுவாகத்தான் இருந்தது.

அதே மண்டபத்தின் கடைசி வரிசையிலே என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் இருந்தார். நீரிழிவு நோயாளி. மாதந்தோறும் அரசினர் வைத்தியசாலையிலே பெற்றுவந்த மாத்திரைகள் அவ்வாண்டு சித்திரை முதல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மருந்து கொடுக்கும் யன்னலிலே 'வெளியே வாங்கவும்' என்று எழுதிய துண்டையே கொடுத்தார்கள். வெளியே விலை மூன்று மடங்கு. கூலி வேலைக்குப் போகிற வீடு அது. ஆகவே அயலார் சொன்னபடி தமரத்தங்காயைப் பிழிந்து காலைதோறும் வெறுவயிற்றிலே குடித்துவந்தார். இயற்கையானது, நம்முடைய மண்ணிலே விளைந்தது, காசு தேவையில்லை. இந்த மூன்று தகுதிகளுக்கு மேலே ஏழைக்கு வேறென்ன வேண்டும்? சில வாரங்களிலே விக்கல் தொடங்கியது. இரவும் பகலும் நில்லாத விக்கல். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப் போயிருந்தன. தமரத்தங்காயிலே உள்ள ஒட்சலேற்று என்னும் உப்பு சிறுநீரகத்தை அடைக்கும் என்பதும், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் உடையவர்களுக்கு அக்கனியிலுள்ள வேறொரு பொருள் நரம்புகளைத் தாக்கும் என்பதும், நில்லாத விக்கல் அதன் முதல் அறிகுறி என்பதும் வைத்திய உலகம் நன்கறிந்த செய்திகள். அந்தத் தாய்க்கு அதை எவரும் சொல்லவில்லை. மேடையிலே பேசிய அதிகாரிக்கும் அது தெரிந்திருக்காது.

இதைச் சொன்னவுடனே, பார்த்தீர்களா, ஆசிரியர் நாட்டு வைத்தியத்தின் எதிரி என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படியன்று. எங்கள் ஆச்சியின் வளவிலே வளர்ந்தவன் நான். கிணற்றடியிலிருந்து கழிவுநீர் ஓடும் வாய்க்காலின் இருமருங்கும் வல்லாரை படர்ந்திருக்கும். அதற்கப்பால் பொன்னாங்காணி. கிளுவை வேலியிலே தூதுவளையும் முசுமுசுக்கையும் கொடியோடியிருக்கும். கோடிப்புறத்திலே நொச்சி, பாவட்டை, ஆமணக்கு, ஆடாதோடை. குசினி வாசலிலே ஒரு கற்பூரவள்ளிச் சாடி. தடிமன் வந்தால் தூதுவளை இரசம். குளிர்காய்ச்சலென்றால் வேர்க்கொம்பும் மல்லியும் இடித்துப் போட்ட குடிநீர். மூட்டு நோவென்றால் முடக்கொத்தான் கஞ்சி. உடம்பு உளைந்தால் நொச்சியும் பாவட்டையும் ஆமணக்கும் போட்டு அவித்த வெந்நீரிலே முழுக்கு. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொடுப்பதும் ஆச்சிதான். ஒரு சதம் வாங்கியதில்லை. இவற்றிலே பல இன்றும் என் வீட்டிலே நடக்கின்றன. சுகமும் கிடைக்கின்றது.

ஆனால் ஆச்சியின் வைத்தியத்திலே இன்னொரு பாதி உண்டு. அந்தப் பாதியை மேடைப் பேச்சாளர்கள் மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால், "இது என்ரை கைக்கு அடங்காது, வண்டிலைக் கட்டுங்கோ" என்பார் ஆச்சி. கண் மஞ்சளித்தவனுக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பார். அவன் மயங்கத் தொடங்கினால் ஒரு கணமும் தாமதிக்க விடமாட்டார். புடையன் கடித்தவனுக்குப் பச்சிலை தேடி எவரும் ஓடினால் ஏசுவார். தன் மருந்து எங்கே முடிகிறது என்பதை அறிந்திருந்தமையே அவருடைய அறிவின் சிறந்த பகுதி. அந்த எல்லைக்கு அப்பால் ஓர் ஆசுபத்திரி இருந்தது. அங்கே மருந்தும் இருந்தது. அது இலவசமாகவும் இருந்தது. ஆகவேதான் ஆச்சியினாலே துணிந்து கைவைத்தியம் செய்ய முடிந்தது. ஆசுபத்திரியை வெறுமையாக்கிவிட்டு ஆச்சியைப் புகழ்கிறவர்கள் ஆச்சிக்கே துரோகம் செய்கிறார்கள்.

மறுபுறத்திலே, பச்சிலை என்றதும் உதட்டைப் பிதுக்குகின்ற நண்பர்கள் நம்முடைய அணியிலேயே இருக்கிறார்கள். விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிறார்கள் என்றாலும் விஞ்ஞானத்தின் வரலாற்றை அவர்கள் படித்ததாகத் தெரியவில்லை. சளியைக் கரைக்க இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் புறோம்ஹெக்சின் என்னும் மாத்திரை, ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்ததன் விளைவாக உருவாக்கப்பட்டது. மேலே சொன்ன அதிகாரி இதை அறிந்திருந்தால் தம் பேச்சிலே சேர்த்திருப்பார். வியற்நாமியப் போராளிகள் மலேரியாவினால் மடிந்துகொண்டிருந்தபோது, 1967 மே 23ஆம் திகதி மக்கள் சீனம் ஓர் இரகசிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதிலே பணியாற்றிய தூ யூயூ என்னும் பெண்மணி நாலாம் நூற்றாண்டுச் சீன வைத்திய ஏடு ஒன்றைப் புரட்டினார். செடியை நீரிலே ஊறவைத்துப் பிழிந்து குடிக்கவேண்டும் என்று அதிலே இருந்ததைக் கண்டு, கொதிக்க வைப்பதனாலேதான் மருந்து கெடுகின்றது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்திலே ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். ஆட்டிமிசினின் பிறந்தது. 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை எரிக்கவும் இல்லை, தலையில் வைத்துக் கூத்தாடவும் இல்லை, சோதித்தார்கள். அவர் தம் உடலிலேயே அம்மருந்தை முதலிலே சோதித்துப் பார்த்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதேபோல எங்கள் வீட்டு முற்றங்களிலே பூக்கின்ற பட்டிப்பூவை எடுத்துக்கொள்வோம். 1950களின் இறுதியிலே கனடாவில் நடந்த ஆராய்ச்சியிலே அதன் இலையிலிருந்து புற்றுநோயை அடக்கும் பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கிடைத்த வின்கிறிஸ்ரின் இன்று இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவர்களை உயிர்ப்பிக்கிறது. ஆனால் ஒரு கிராம் மருந்தைப் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். பட்டிப்பூச் செடியைத் தின்றால் பிள்ளை பிழைக்காது, நஞ்சேறிச் சாகும். செடியிலிருந்து ஊசிமருந்து வரை போகிற அந்த நீண்ட பாதையிலே ஆய்வுகூடம் உண்டு, தொழிற்சாலை உண்டு, பயிற்றப்பட்ட தாதி உண்டு, வரவுசெலவுத் திட்டம் உண்டு. தெல்லிப்பழையிலும் மகரகமையிலும் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாயிடம் போய், முற்றத்திலே பட்டிப்பூ நடு என்று சொல்ல எந்த மந்திரிக்கும் துணிவு வராது. நீரிழிவுக்காரியிடம் மட்டும் எப்படித் துணிவு வருகிறது?

மூலிகையினாலே நாடு தன்னிறைவு காணும் என்கிறவர்கள் நமது மலையகத்தின் சரித்திரத்தை ஒருமுறை படிக்கவேண்டும். இந்த நாடு ஒரு காலத்திலே மூலிகையிலே தன்னிறைவு மட்டுமன்று, உலகச் சந்தையையே நிரப்பிய நாடு. நுவரெலியாவுக்கு அணித்தாயுள்ள ஹக்கலைப் பூந்தோட்டத்தை இன்று உல்லாசப் பிரயாணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1861ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது பூவுக்காக அன்று, சிங்கோனா மரத்துக்காக. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச் சாரலிலே வாழ்ந்த மக்களின் மரம் அது. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா கிடைக்கிறது. வெள்ளையனுடைய படையும் வர்த்தகமும் வெப்ப நாடுகளுக்குள்ளே நுழைவதற்குத் துவக்கைப் போலவே கொயினாவும் இன்றியமையாததாய் இருந்தது.

கோப்பிச் செடியிலே இலைநோய் விழுந்து துரைமார் கலங்கியிருந்த 1870களிலே சிங்கோனா அவர்களுக்கு அபயம் கொடுத்தது. மலை மலையாகக் காடு வெட்டி நட்டார்கள். நட்டவர்கள் யார்? பட்டையை உரித்தவர்கள் யார்? புதுக்கோட்டையிலும் திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் பஞ்சம் தாங்காமல் புறப்பட்டு, மன்னாரிலிருந்து கண்டிச் சீமைக்குக் கால்நடையாக வந்து, வழியிலே கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் விழுந்து மடிந்தவர்களிலே எஞ்சிய நம் மக்கள். 1880களின் நடுப்பகுதியிலே இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை கப்பலேறிற்று. அவ்வளவு பட்டையும் ஒரே சமயத்திலே சந்தைக்கு வந்தமையால் விலை சரிந்தது. விலை சரிந்ததும் துரைமார் மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலையை நட்டார்கள். உலகக் கொயினாச் சந்தை பின்னர் யாவாத் தீவிலே பயிரிட்ட ஒல்லாந்தரின் கைக்குப் போயிற்று. காய்ச்சல் சந்தையைவிட்டுப் போகவில்லை. காய்ச்சற்காரன்தான் சந்தையிலே எண்ணப்படாதவன்.

இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்பு, 1934ஆம் ஆண்டு இறுதியிலே, மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய் நின்ற வேளையிலே, மலேரியா கொள்ளைநோயாகப் பரவிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தது. 1935ஆம் ஆண்டு அது தணிவதற்குள் மாண்டவர் தொகை ஏறத்தாழ எண்பதாயிரம் என்பர். அதற்கும் மேலே என்பாரும் உளர். அரை நூற்றாண்டுக்கு முன்னே உலகத்துக்கெல்லாம் கொயினாப் பட்டை அனுப்பிய தீவிலே! அந்தக் கிராமங்களிலே வேம்புக்குப் பஞ்சமில்லை, நிலவேம்புக்கும் பஞ்சமில்லை, பரம்பரை வைத்தியருக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் சோற்றுக்கும் கொயினாவுக்குந்தான். மூலிகை மண்ணிலே விளைவது வேறு, அது நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேருவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

அப்போது கிராமங்களுக்குள்ளே நடந்து போனவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை. நம்முடைய வேலிப் பூவரசின் மஞ்சள் பூ. ஏகாதிபத்திய யுத்தத்தை நினைவூட்டும் பொப்பிப் பூவுக்கு எதிராக அதை விற்றவர்கள், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கலாநிதி என். எம். பெரேராவும் உள்ளிட்டோர், கிராமங்களுக்கு மருந்தையும் உணவையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். பசித்த வயிற்றிலே கொயினாவும் நில்லாது என்று கண்டார்கள். பூவரசம் பட்டை சொறிக்கு நல்லதென்று ஊருக்குத் தெரியும். அவர்கள் அதைப் பற்றி வகுப்பெடுக்கப் போகவில்லை. 1936 தேர்தலிலே றுவான்வெல்லைத் தொகுதி என். எம். பெரேராவைச் சட்டசபைக்கு அனுப்பிற்று. 2016ஆம் ஆண்டு இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார தாபனம் அறிவித்தது. ஒழித்தது இரத்தப் பரிசோதனை செய்த ஊழியரும், நுளம்பைத் தேடித் திரிந்த உத்தியோகத்தரும், இலவச மருந்துமே.

அதே கேகாலையிலேதான் 2020 மார்கழியிலே இன்னொரு காட்சி அரங்கேறிற்று. காளி சொன்னாள் என்று ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கொரோனாவுக்கு மருந்தென்று வழங்கினார். நோய் பரவுகின்ற நாளிலே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து அவர் வாசலிலே நின்றனர். சுகாதார மந்திரியே படப்பெட்டிகளுக்கு முன்னால் அதை வாங்கிக் குடித்தார். அடுத்த மாதமே அவரும் தொற்றுக்கு ஆளானார். சனங்களின் மூட நம்பிக்கையை நான் இங்கே ஏளனம் செய்ய வரவில்லை. தடுப்பூசி எப்போது வரும், எவருக்கு வரும் என்று தெரியாத மனிதன் வரிசையிலே நிற்கத்தான் செய்வான். அரசாங்கம் அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றதே, அதுதான் குற்றம்.

மஞ்சளின் கதை சிறியது. 2019ஆம் ஆண்டு இறுதியிலே இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். இனி நாமே விளைவிப்போம் என்றார்கள். மஞ்சள் கிழங்கு முற்ற ஒன்பது பத்து மாதம் வேண்டும், விதைக்கிழங்கு வேண்டும், அதை முன்கூட்டியே கொடுத்திருக்கவேண்டும். எதுவுமில்லை. தடை முதலில் வந்தது, பயிர் பின்னர் வரட்டும் என்பது திட்டம். சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ ஆயிரக் கணக்கிலே ஏறிற்று. கொரோனாவுக்கு மஞ்சள் நீர் தெளிக்கச் சொன்ன அதே காலத்திலே, கறிக்குப் போட மஞ்சளில்லாமல் சனங்கள் மாவும் சாயமும் கலந்த தூளை வாங்கினார்கள். இரவிலே வள்ளங்களிலே வந்த மஞ்சள் மூட்டைகளை மன்னார்க் கரையிலே கடற்படை பிடித்து எரித்தது. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தை ஒரே நாளிலே நிறுத்தி, விளைச்சல் சரிந்து, அவ்வாண்டு கார்த்திகையிலேயே பின்வாங்கிய பெருங்கூத்துக்கு இது ஓர் ஒத்திகை.

சரி, மூலிகை நடுவோம். எங்கே நடுவது? வீட்டுத்தோட்டம் என்று சொல்லும்போது வீட்டையும் தோட்டத்தையும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மலையகத் தொழிலாளியின் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னாலுள்ள வாசற்படியும் தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தம். இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டின் மிகச் செழிப்பான மண்ணிலே கால்வைத்து நிற்கிறவருக்கு ஒரு துளசி நடவும் உரித்துடைய நிலமில்லை. ஏழு பேர்ச் காணி என்று மேடைகளிலே கொடுத்த வாக்குப் பெரும்பாலானோருக்கு இன்னும் கடதாசியாகவே இருக்கிறது. வடக்கிலே வலிகாமம் வடக்கு மக்கள் 1990ஆம் ஆண்டு விட்டுப்போன வளவுகளிலே ஒரு பகுதி இன்னும் முட்கம்பிக்கு அப்பால் கிடக்கிறது. அங்கே தூதுவளையும் முசுமுசுக்கையும் ஆளின்றிக் கொடியோடி நிற்பதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், பறிக்க முடியாது. கொழும்பிலே கால்வாயோரத்துத் தோட்டங்களிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வாழ்கிறவர் நிலையைச் சொல்லவேண்டுமா? காணியைப் பற்றிப் பேசாமல் மூலிகையைப் பற்றிப் பேசுவது, பானையில்லாதவனுக்குச் சமையற் குறிப்பு வாசிப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. அதை நமது ஆண் தோழர்கள் எளிதிலே மறந்துவிடுகிறார்கள். குடிநீர் என்பது தானே காய்வதன்று. எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சவேண்டும் என்பது முறை. அதற்கு அடுப்படியிலே ஒருத்தி இரண்டு மணித்தியாலம் நிற்கவேண்டும். இடிக்கிறவளும் அரைக்கிறவளும் வடிக்கிறவளும் அவளே. எரிவாயுச் சிலிண்டருக்காகத் தெருவிலே நாட்கணக்காக வரிசை நின்ற 2022ஆம் ஆண்டிலே அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது? விடியற்காலை ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸிலே ஏறுகிற பெண் எந்த நேரத்திலே மூலிகைக்கு நீரூற்றுவாள்? அரசாங்கத்தின் தலையிலிருந்து இறக்கிய சுமையைப் பெண்ணின் தலையிலே ஏற்றிவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

தன்னிறைவுக்கு ஒரு மெய்யான வழி இந்நாட்டிலே முன்பு திறக்கப்பட்டது. நாம் பயன்படுத்தும் மருந்திலே எண்பது வீதத்துக்கு மேல் கடல் கடந்து வருவது. இதை உணர்ந்த பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971ஆம் ஆண்டு ஓர் அறிக்கை தயாரித்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஒரே மருந்தைப் பல கவர்ச்சிப் பெயர்களிலே விற்ற பித்தலாட்டத்தை வெட்டி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இறக்குமதிப் பட்டியலை ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தார். மூலப் பெயரிலே, உலகச் சந்தையிலே மலிவான இடத்திலே, மொத்தமாக வாங்கினார். 1974ஆம் ஆண்டு வாந்திபேதி பரவிய வேளையிலே, கூட்டுத்தாபனம் வாங்கிவைத்திருந்த ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் குளிகையாக்கித் தர இங்கிருந்த ஒரு பன்னாட்டுக் கொம்பனி மறுத்தது. அக்கொம்பனியை அரசுடைமையாக்கும் பேச்செழுந்ததும் அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறிற்று. கதவுகள் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. அதே ஆண்டு பிபிலே தூரதேசமான கயானாவிலே காலமானார். பின்னர் வந்தவற்றின் விளைவை 2022 சித்திரையிலே இலங்கை மருத்துவ சங்கம் சனாதிபதிக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்திலே காணலாம். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு பற்றிய விசாரணையிலே முன்னாள் சுகாதார மந்திரி ஒருவர் 2024 பெப்ரவரியிலே கைதானதிலும் காணலாம். பிபிலேயின் கொள்கையைக் கொன்றவர்களின் வாரிசுகள் இன்று நமக்கு வல்லாரைச் சம்பல் அரைக்கக் கற்பிக்கிறார்கள்.

நாட்டு வைத்தியத்துக்குள்ளேயும் வர்க்கமும் சாதியும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாண மன்னர் காலத்துச் சொத்துக்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஏழாலைப் பொன்னையபிள்ளை போன்றோர் ஏடு தேடி அச்சேற்றியிராவிட்டால் பரராசசேகரம் கறையானுக்கு இரையாகியிருக்கும். எத்தனையோ ஏடுகள் அப்படியே போயின. பரியாரியார் தன் மகனுக்குச் சொல்லாமலே மறைத்துச் செத்த கைமருந்துகள் எத்தனை! பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியின் அறிவையோ எவரும் எழுதவே இல்லை. உயிரைக் கையிலேந்திக் கொடுத்த அவளை முற்றத்திலே நிற்கவைத்துக் கூலி கொடுத்தது நம் பெருமைமிக்க சமூகம். இதற்கு எதிர்மாறாக, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிசனரி டாக்டர் கிறீன் 1860களிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அங்காதிபாதமும் இரண வைத்தியமும் கெமிஸ்தமும் தமிழ்ப் புத்தகங்களாயின. மதம் பரப்ப வந்தவர்தான். ஆயினும் அறிவைச் சனங்களின் மொழியிலே வெளியிட்டார். நம்மவர் பலர் ஏட்டைப் பெட்டியிலே பூட்டினர்.

பூட்டிவைத்த அறிவு பாதுகாப்பாகவும் இருக்கவில்லை. பொன்கொரண்டி மரத்தைக் கடைந்து செய்த கோப்பையிலே இரவு நீர்விட்டுக் காலையிலே நீரிழிவுக்குக் குடிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். சிங்களத்திலே கொத்தல ஹிம்புட்டு என்பர். 1990களிலே யப்பானிய ஆராய்ச்சியாளர் அதிலிருந்து சலசினோல் என்னும் பொருளைப் பிரித்தனர். தொடர்ந்து வெளிநாடுகளிலே காப்புரிமைகள் பதிவாயின. காட்டிலே கொடி அருகிற்று. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995ஆம் ஆண்டு அமெரிக்காவிலே காப்புரிமை வழங்கினார்கள். இந்திய விஞ்ஞான ஆராய்ச்சிச் சபை பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வழக்காடி 1997ஆம் ஆண்டு அதை இரத்துச் செய்வித்தது. எழுதி அச்சிட்ட அறிவே அங்கே காப்பாற்றிற்று. இங்கே தென்கரையோர விடுதிகளிலே ஆயுர்வேதம் என்ற பெயரிலே வெள்ளைக்காரருக்கு டொலர் கணக்கிலே எண்ணெய் வார்க்கிறார்கள். கிராமத்து ஆயுர்வேத மருந்தகத்திலேயோ சூரணம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள் என்கிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, மூலிகைத் தோட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. சுற்றறிக்கைக்காக நட்டது எங்கள் பாடசாலையிலே ஆவணியிலே கருகிவிட்டது. படம் அனுப்பியாயிற்று, நீர் இறைக்கும் மோட்டருக்கு மின்சாரம் இல்லை. அடுத்த மழைக்கு மாணவர்களே மறுபடி நட்டார்கள், இந்த முறை சுற்றறிக்கை இல்லாமல். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கொப்பி. ஊரிலே அதன் பெயர் என்ன, எந்தக் கிழவி எதற்குக் கொடுக்கிறாள், எவ்வளவு கொடுக்கிறாள், எவருக்குக் கொடுக்கமாட்டாள், எப்போது நிறுத்தி ஆசுபத்திரிக்கு அனுப்புவாள் என்று கேட்டு எழுதுகிறார்கள். மற்றப் பக்கத்திலே, விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு, ஆய்வு கண்டது என்ன என்று எழுதுகிறார்கள். அப்பக்கம் பல செடிகளுக்கு வெறுமையாகவே இருக்கிறது. வெறுமையாகவே விடச் சொல்லியிருக்கிறேன். தமரத்தை பாடசாலை வளவிலே முன்பே நின்றது. அதன் கொப்பியிலே முதல் வரியைச் சிவப்பு மையிலே எழுதியவள் அந்தத் தாயின் மகள்.

கொப்பியோடு இன்னொரு வேலையையும் பழைய மாணவர் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். வைத்தியசாலையிலே அந்தந்த மாதம் இல்லாத மருந்துகள் எவை, எத்தனை நாளாக இல்லை என்ற பட்டியலை நோயாளரிடம் கேட்டு எழுதி, பெயரிட்டுக் கையொப்பமிட்டு, மாகாண சுகாதார அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் மாதம் பதிலில்லை. மூன்றாம் மாதம் இரண்டு மருந்துகள் வந்தன. அந்த மாணவியின் தாய் வாரம் இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் பஸ் ஏறுகிறார். போக வர நானூறு ரூபா. பட்டியலிலே முதலாவது கையொப்பம் அவருடையது.